தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடலாமா? வால்வு மாற்றுவதும் கூலன்ட்டில் ஏர் எடுப்பதும்

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து வாய்க்கால்களில் தண்ணீர் ஏறியதும் டெல்டாவில் டிராக்டர்கள் சேற்றில் இறங்கும். இறங்கின கொஞ்ச நாளில் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, மயிலாடுதுறைப் பக்கத்துப் பட்டறைகளுக்கு ஒரு புகார் வந்து சேரும்: "வண்டி ஹீட் ஆகுது." தை அறுவடையில் அதே புகார் குட்டியானைகளிடமிருந்து வரும். நெல் மூட்டையை ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலைய வாசலில் மணிக்கணக்காக ஐடிலில் நிற்கிற வண்டிகள் அவை. இரண்டுக்கும் பல பட்டறைகளில் கிடைக்கிற வைத்தியம் ஒன்றுதான். சிலிண்டர் ஹெட்டில் மேல் ஹோஸ் வந்து சேரும் இடத்தில் இரண்டு போல்ட்டைக் கழற்றுவார்கள். உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட் வால்வை எடுத்து ஓரமாகப் போடுவார்கள். "நம்ம ஊரு வெயிலுக்கு இதெல்லாம் வேண்டாம்" என்று மூடிவிடுவார்கள்.

வேண்டும். வெயில் ஊருக்கும் வேண்டும், சேற்று உழவுக்கும் வேண்டும். அந்த வால்வைக் கையில் எடுத்துப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

உள்ளங்கையில் அடங்குகிற சாமான் அது. நடுவில் ஒரு தட்டு, அதை மூடி வைத்திருக்கும் சுருள் ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்கு நடுவே விரல் நுனி அளவுக்கு ஒரு பித்தளைக் குமிழ். குமிழுக்குள் அடைத்திருப்பது மெழுகு. என்ஜின் தண்ணீர் ஒரு சூட்டைத் தொட்டதும் மெழுகு உருகி விரிந்து தண்டைத் தள்ளும், தட்டு திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும். தண்ணீர் ஆறினால் மெழுகு சுருங்கும், ஸ்பிரிங் தட்டை மூடும். ஒயர் கிடையாது, வெளியிலிருந்து உத்தரவு கிடையாது. தட்டின் விளிம்பிலோ குமிழின் அடியிலோ 82, 88 என்று ஓர் எண் குத்தியிருக்கும். அது வால்வு திறக்கத் தொடங்கும் சூடு, டிகிரி செல்சியஸில். முழுக்கத் திறக்க அதற்கு மேல் இன்னும் 10 முதல் 15 டிகிரி ஆகும்.

மே மாத உச்சி வெயிலில் 40 டிகிரி அடித்தாலும் 82-க்கு இன்னும் 42 டிகிரி பாக்கி இருக்கிறது. அந்தத் தூரத்தை என்ஜின் சீக்கிரம் கடப்பதற்காகத்தான் வால்வு மூடியிருக்கிறது. கடந்தபின் தேவைக்கேற்பத் திறக்கும். வெயிலும் லோடும் கூடினால் முழுக்கத் திறந்து நிற்கும். முழுக்கத் திறந்த நல்ல வால்வு வழியாக ரேடியேட்டருக்குத் தேவையான அளவு தண்ணீர் போய்விடும், வழியை அப்படித்தான் அளந்து வைத்திருக்கிறார்கள். ஆகவே "வெயில் காலத்தில் தெர்மோஸ்டாட் அடைக்கிறது" என்பது நல்ல வால்வுக்குப் பொருந்தாத பேச்சு.

கழற்றிவிட்டால் என்ன ஆகும்? முதலில் மீட்டரில் சூட்டு முள் கீழே இறங்கும், வண்டிக்காரருக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் என்ஜின் நாள் முழுக்க அரைகுறைச் சூட்டிலேயே ஓடும். டீசல் முழுக்க எரியாமல் சிலிண்டர் சுவரில் படிந்து, ரிங் வழியாகக் கீழே இறங்கி ஆயிலில் கலக்கும். ஆயில் தன் பிடிப்பை இழக்கும். எரிபொருள் எரியும்போது உண்டாகிற நீராவி ஆவியாகிப் போகாமல் ஆயிலோடு சேர்ந்து சேறாகும். ரிங்கும் சிலிண்டரும் தேயும். இதெல்லாம் ஒரே நாளில் தெரியாது. இரண்டு மூன்று சீசன் கழித்து ஆயில் குடிக்கிற என்ஜினாக வந்து நிற்கும்போது, தெர்மோஸ்டாட்டைக் கழற்றியது யாருக்கும் நினைவிருக்காது.

புது வண்டிகளில் கெடுதல் சீக்கிரம் தெரியும். கம்ப்யூட்டர் கூலன்ட் சென்சாரைப் பார்த்து "என்ஜின் இன்னும் சூடேறவில்லை" என்று முடிவு செய்து எரிபொருளைக் கூட்டிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நாளில் செக் என்ஜின் விளக்கு எரியும், ஸ்கேனரில் பி0128 என்ற பிழைக் குறியீடு வரும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபின் டீசல் வண்டிகளில் புகைக்கரி பிடிக்கிற டிபிஎஃப் வடிகட்டி சேர்ந்திருக்கிறது. அது தன் கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்ய என்ஜின் போதிய சூட்டில் இருக்க வேண்டும். குளிர்ந்தே ஓடுகிற என்ஜினில் அது அடைத்துக்கொள்ளும், அதன் செலவோ தெர்மோஸ்டாட் விலையைப்போல் பல மடங்கு.

இன்னொன்று இருக்கிறது, பலருக்கும் தெரியாதது. நிறைய என்ஜின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு தட்டு. மேல் தட்டு ரேடியேட்டர் வழியைத் திறக்கிறபோது, அடியில் இருக்கிற சின்னத் தட்டு பைபாஸ் வழியை, அதாவது ரேடியேட்டருக்குப் போகாமல் தண்ணீர் என்ஜினுக்கே திரும்பும் வழியை, மூடும். இரண்டு ஷட்டர் வைத்த தலைப்பு மதகை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஷட்டரை ஏற்றும்போது மறு ஷட்டரை இறக்கினால்தான் தண்ணீர் முழுக்கப் போக வேண்டிய வாய்க்காலுக்குப் போகும். இரண்டு ஷட்டரையும் பிடுங்கி எறிந்தால் பக்கத்தில் இருக்கிற குறுக்கு வழியில்தான் ஓடும். தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜினில் அந்தக் குறுக்கு வழி பைபாஸ். கொதிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்ப என்ஜினுக்குள் நுழையும். குளிர வேண்டும் என்று கழற்றிய வண்டி, லோடு ஏறியதும் முன்பைவிட வேகமாகக் கொதிப்பது இதனால்தான்.

கழற்றுகிற பழக்கம் இங்கே ஊன்றிப்போனதற்குப் பழைய ஆயில் என்ஜின் பம்ப்செட்டும் ஒரு காரணமாக இருக்கலாம். போர் தண்ணீரில் ஒரு சின்ன டியூப் பிரிந்து என்ஜின் ஜாக்கெட் வழியாகப் போய் மறுபக்கம் வாய்க்காலில் விழும். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் போதும், தெர்மோஸ்டாட் என்ற பேச்சே இல்லை. அந்த என்ஜினுக்கு அது சரி. மூடிய சுற்றில், அழுத்தத்தில், ஒரே கூலன்ட் திரும்பத் திரும்ப ஓடுகிற என்ஜினுக்கு அந்தக் கணக்கு செல்லாது.

கெட்டது தெர்மோஸ்டாட்தானா?

மாற்றுவதற்கு முன் கையால் தொட்டுப் பாருங்கள். காலையில் ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்து, ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல், மேல் ஹோஸை அவ்வப்போது தொடுங்கள். சில நிமிடங்கள் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். வால்வு திறந்த நொடியில் சட்டென்று சூடேறும், கொஞ்ச நேரத்தில் ரேடியேட்டரின் அடிப்பக்கமும் சூடாகும். இது நல்ல வால்வு. முள் சிவப்பை நெருங்கியும் ரேடியேட்டரின் அடி ஜில்லென்று இருந்தால் வால்வு மூடியே ஒட்டிக்கொண்டிருக்கலாம். தண்ணீர் பம்ப் கெட்டிருந்தாலும், ஏர் பிடித்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும். ஸ்டார்ட் செய்ததிலிருந்தே மேல் ஹோஸ் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறிக்கொண்டே வந்து, முள் மட்டும் பாதியைத் தொடாமல் நின்றால் வால்வு திறந்தே மாட்டியிருக்கிறது, அல்லது உள்ளே வால்வே இல்லை. சில பெட்ரோல் கார்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் முனையில், பம்புக்குத் தண்ணீர் போகும் வாயில் இருக்கும். அங்கே மேல் ஹோஸ் சீக்கிரமே சூடாகிவிடும், கீழ் ஹோஸைத்தான் பார்க்க வேண்டும்.

மற்ற காரணங்களை முதலில் தள்ளிவிடுங்கள். சேற்று உழவில் வேகம் குறைவு, சுமை அதிகம், எதிர்க்காற்று கிடையாது. ரேடியேட்டர் முகத்தில் சேறு காய்ந்து அப்பியிருக்கும். அறுவடை இயந்திரத்தில் வைக்கோல் தூசி கம்பளிபோல் ஒட்டியிருக்கும். இரண்டையும் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். பிரஷர் வாஷரைக் கிட்டே பிடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்து அடைத்துக்கொள்ளும். பெல்ட் தளர்ந்திருக்கிறதா, எலக்ட்ரிக் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். இத்தனையும் சரியாக இருந்தும் ஹீட் ஆகிறதென்றால் வால்வைக் கழற்றிச் சோதிக்கலாம்.

சோதனைக்கு ஒரு சட்டியும் ஒரு முழம் நூலும் போதும். தட்டை விரலால் அழுத்திக் கொஞ்சம் திறந்து, நூலை இடுக்கில் விட்டு மூட வேண்டும். நூல் வால்வைப் பிடித்துக்கொள்ளும். சட்டியின் மேல் ஒரு குச்சியைக் குறுக்காக வைத்து, வால்வு அடியைத் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கும்படி நூலைக் கட்டி அடுப்பைப் பற்றவையுங்கள். பக்கத்தில் 100 டிகிரி வரை காட்டும் கண்ணாடித் தெர்மாமீட்டர். காய்ச்சல் பார்ப்பது உதவாது, அது 42-லேயே நின்றுவிடும். தண்ணீரைக் கலக்கிவிட்டுக்கொண்டே இருங்கள். வால்வு திறக்கத் தொடங்கியதும் நூல் நழுவும், வால்வு டங்கென்று சட்டியின் அடியில் விழும். அப்போது தெர்மாமீட்டர் காட்டுவது குத்தியிருக்கிற எண்ணுக்கு இரண்டு மூன்று டிகிரி முன்னே பின்னே இருந்தால் சரி. தண்ணீர் தளதளவென்று கொதித்தும் விழாவிட்டால் வால்வு செத்துவிட்டது. திறந்த வால்வை வெளியே எடுத்து ஆறவிட்டால் சில நிமிடங்களில் முழுக்க மூட வேண்டும், அதையும் பாருங்கள். தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் புது வால்வையும் பழையதையும் ஒரே சட்டியில் இரண்டு நூலில் தொங்கவிடலாம், எது எப்போது விழுகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். புதிதாக வாங்கியதையும் இப்படிச் சோதித்த பிறகு பூட்டுவது நல்லது. பெட்டியிலிருந்தே கெட்டுவருகிற வால்வும் உண்டு.

எண்ணைக் குறைத்து வாங்காதீர்கள். 88 இருந்த இடத்தில் "76 போட்டால் குளிர்ச்சியாக ஓடும்" என்று சொன்னால் அது பாதி கழற்றிய கதைதான். ரேடியேட்டர் அடைத்திருந்தால் 76-ஐத் தாண்டி அதே இடத்துக்குத்தான் முள் போகும்.

எந்தத் தண்ணீர்?

டெல்டாவில் பல வால்வுகளைக் கெடுப்பது தண்ணீர் என்றே சொல்லலாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் கடலோரத்தில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. உப்பில் இருக்கிற குளோரைடு அலுமினிய ஹெட்டையும் ரேடியேட்டரையும் ஊசி குத்தினாற்போல் பொத்தல் போடும். உள்நாட்டில் உப்பு இல்லாவிட்டாலும் கடினத் தண்ணீர் உண்டு. வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் படிகிற அதே வெள்ளைக் கல் தெர்மோஸ்டாட் தண்டிலும் ரேடியேட்டர் குழாயிலும் படியும். வாய்க்கால் தண்ணீரை மொண்டு ஊற்றினால் வண்டல் சேர்ந்து இறங்கும். துரு, சுண்ணாம்பு, வண்டல் மூன்றும் கலந்த செம்மண் குழம்பு வால்வின் அடியில் உட்கார்ந்திருப்பதைப் பழைய டிராக்டர் ஒன்றைத் திறந்தவர்கள் பார்த்திருப்பார்கள்.

கூலன்ட் என்பது பனி ஊருக்கான சாமான் என்ற எண்ணம் இங்கே இருக்கிறது. எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் சுழியத்துக்குக் கீழே 37 டிகிரி வரை உறையாது என்பது உண்மை; அந்தப் பயன் நமக்கு வேண்டாம். நமக்கு வேண்டியது அதிலிருக்கிற துருத்தடுப்பும் கொதிநிலையும். வெறும் தண்ணீர் திறந்த சட்டியில் 100-ல் கொதிக்கும், இந்தக் கலவை 107-ல். 1.1 பார் அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடி போட்டால் தண்ணீரே 121-ஐத் தாண்டும், கலவை 128 பக்கம் போகும். மூடியின் ரப்பர் போய்விட்டால் இந்தக் கணக்கு மொத்தமும் விழுந்துவிடும். எனவே தெர்மோஸ்டாட் மாற்றுகிற நாளில் மூடியின் மேல் எழுதியிருக்கும் 0.9 அல்லது 1.1 என்ற எண்ணைப் பார்த்து, அதே எண்ணில் புது மூடியும் வாங்கிவிடுங்கள்.

நிறத்தை நம்பாதீர்கள். பச்சை, ஆரஞ்சு, நீலம், இளஞ்சிவப்பு எல்லாம் தயாரிப்பாளர் சேர்க்கிற சாயம். வேறு வேறு ரசாயன வகைகள் கலந்தால் துருத்தடுப்பு வீணாகும், சில நேரம் கூழாகித் திரியும். உள்ளே இருப்பது எது என்று தெரியாவிட்டால் முழுக்க இறக்கிவிட்டு மேனுவல் சொல்கிற வகையை ஊற்றுவதே வழி. கலக்க டிஸ்டில்டு வாட்டர், அதாவது பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர். பக்கத்திலேயே விற்கிற பேட்டரி ஆசிட்டை எடுத்துவிடக் கூடாது, லேபிளைப் படித்து வாங்குங்கள். கிடைக்காத அவசரத்துக்கு ஆர்.ஓ. கேன் தண்ணீர் போர் தண்ணீரைவிட எவ்வளவோ மேல்.

அளவில் பலரும் தவறுகிற இடம் ஒன்று. சின்னக் கார் என்றால் மொத்தக் கொள்ளளவு 4, 5 லிட்டர் இருக்கும். டிராக்டருக்கு மாடலைப் பொறுத்து 8 முதல் 12 லிட்டர். அடியில் திறந்துவிட்டாலும் எல்லாம் வராது, என்ஜின் பிளாக்குக்குள் ஒரு பங்கு தங்கும். 5 லிட்டர் என்ஜினைத் தண்ணீர் விட்டு அலசிய பிறகு 3.5 லிட்டர்தான் வெளியே வந்தது என்று வையுங்கள். உள்ளே 1.5 லிட்டர் வெறும் தண்ணீர் இருக்கிறது. பாதிக்குப் பாதி கலந்தே வருகிற ரெடிமிக்ஸ் கூலன்ட்டை ஊற்றினால் கலவை 35 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதற்குப் பதிலாகக் கலக்காத கூலன்ட் 2.5 லிட்டரை முதலில் ஊற்றி, பிறகு டிஸ்டில்டு வாட்டர் 1 லிட்டர் ஊற்றினால் பாதிக்குப் பாதி சரியாக வரும்.

கழற்றிப் பூட்டுவது

என்ஜின் ஆற வேண்டும். இரவு முழுக்க ஆறவிட்டால் நல்லது, அவசரத்துக்கு மூன்று நான்கு மணி நேரம். சூட்டில் மூடியைத் திறந்தால் அழுத்தம் விடுபட்ட நொடியில் உள்ளே இருப்பது கொதித்து ஆவியோடு முகத்தில் அடிக்கும். துணியைப் போட்டுத் திறந்தாலும் அதே ஆபத்துதான். எலக்ட்ரிக் ஃபேன் வண்டியில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள், ஃபேன் தானாகச் சுற்றாமல் இருக்க.

ரேடியேட்டர் அடியில் இருக்கும் குழாயைத் திறந்து, அல்லது கீழ் ஹோஸைக் கழற்றி, அகலச் சட்டியில் பிடியுங்கள். வந்ததை ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து எழுதி வையுங்கள். ஏர் எடுக்கும்போது இந்த எண் தேவைப்படும். பழைய கூலன்ட்டைத் தரையில் விடக் கூடாது, வாய்க்காலில் ஊற்றவே கூடாது. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயும் ஆடும் நக்கிக் குடிக்கும், சிறுநீரகம் கெட்டுச் சாகும். குழந்தைகளுக்கும் அதே விஷம். மூடி போட்ட கேனில் பிடித்து, மேலே எழுதி ஒட்டி, கைக்கு எட்டாமல் வையுங்கள். பழைய ஆயிலோடும் கலக்காதீர்கள்.

ஹோஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்ப வேண்டாம், குழாய் வாய் வளையும். கையால் முறுக்கிச் சுழற்றுங்கள். அசையவே இல்லை என்றால் ஹோஸைக் கீறிக் கழற்றிப் புதிது போடுவது மலிவு. வால்வை மூடியிருக்கும் ஹவுசிங்கின் போல்ட்டுகள்தான் பொறுமை கேட்கும் இடம். அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட், வருஷக்கணக்கில் தண்ணீர் கசிந்து துருப்பிடித்திருக்கும். முதல் நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவைத்து, ரிங் ஸ்பானர் போட்டுக் கொஞ்சம் அவிழ்த்து, கொஞ்சம் திருப்பி முடுக்கி, மறுபடி அவிழ்த்து வர வேண்டும். ஒரே இழுப்பில் தலை முறிந்தால் அரை மணி வேலை அரை நாள் வேலையாகும்.

ஹவுசிங் வந்ததும் வால்வு எந்தத் திசையில் உட்கார்ந்திருக்கிறது என்று போனில் படம் எடுங்கள். ஸ்பிரிங்கும் குமிழும் என்ஜின் பக்கம் இருக்க வேண்டும், சூட்டை உணர்வது குமிழ்தான். தலைகீழாகப் பூட்டினால் குமிழ் ஆறிய தண்ணீரில் இருக்கும், வால்வு நேரத்துக்குத் திறக்காது. தட்டின் விளிம்பில் ஒரு சின்ன ஓட்டையும் அதில் ஆடுகிற ஒரு சிறு ஊசியும் இருந்தால் அது மேல்பக்கம் வர வேண்டும். காற்று போகும் வழி அது.

பழைய கேஸ்கெட்டைச் சுரண்டுமுன் ஓட்டைக்குள் துணியைத் திணியுங்கள், துணுக்கு உள்ளே விழாது. அலுமினிய முகத்தை இரும்பு பிளேடால் கீறக் கூடாது. பிளாஸ்டிக் அல்லது பித்தளைத் தகடு போதும். ஹவுசிங் முகம் லேசாக அரித்திருந்தால் கண்ணாடித் தகட்டின் மேல் எமரி ஷீட்டை வைத்துச் சுழற்றித் தேய்த்துச் சமமாக்கலாம். ஆழமாக அரித்திருந்தால் புதிது வாங்க வேண்டியதுதான்.

ரப்பர் ரிங் போட்ட வால்வுக்கு கசிவடைக்கும் அனபாண்ட் பேஸ்ட் தேவையே இல்லை. பேப்பர் கேஸ்கெட்டுக்கு மெல்லிய பூச்சு போதும். கைநிறையப் பிதுக்கினால் உள்பக்கம் வழிந்த பேஸ்ட் உருண்டையாகக் காய்ந்து, ஒரு நாள் பிய்ந்துபோய் ரேடியேட்டர் குழாயிலோ புதிதாகப் போட்ட வால்வுக்குள்ளேயோ போய்ச் சிக்கும்.

பூட்டும்போது வால்வு தன் பள்ளத்தில் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். செங்குத்தான முகமாக இருந்தால் வால்வு நழுவும். விளிம்பில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் நிற்கும். நழுவினது தெரியாமல் முடுக்கினால் ஹவுசிங்கின் காது டக்கென்று உடையும், இந்த வேலையில் அதிகம் நடக்கிற சேதம் அதுதான். போல்ட்டுகளைக் கையால் விட்டு, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். 10-ம் நம்பர் ஸ்பானர் போடுகிற எம்6 போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர், 12 அல்லது 13 போடுகிற எம்8-க்கு 20 முதல் 25. மேனுவல் வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். பிளாஸ்டிக் ஹவுசிங்குக்கு இதைவிடவும் மென்மையான கை வேண்டும்.

ஏர் எடுப்பது

வால்வு மாற்றிய பிறகும் வண்டி ஹீட் ஆனால், "பார்த்தியா, தெர்மோஸ்டாட் போட்டதால்தான்" என்று மறுபடி கழற்றுகிறார்கள். பெரும்பாலும் குற்றம் உள்ளே மாட்டிய காற்றின் மேல்தான்.

பம்ப்செட் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஃபுட்வால்வு கசிந்து காற்றுப் பிடித்தால் மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. பிரைமிங் செய்தால்தான் இழுக்கும். என்ஜினில் இருக்கிற தண்ணீர் பம்பும் அதே வகை, சுழலும் இறக்கை தண்ணீரைத் தள்ளும், காற்றைத் தள்ளாது. மூடிய தெர்மோஸ்டாட்டுக்குப் பின்னால், ஹெட்டின் உச்சியில், ஹீட்டர் இருக்கிற வண்டியில் ஹீட்டர் குழாயில் காற்று தங்கும். மெழுகுக் குமிழைச் சுற்றித் தண்ணீர் இல்லாமல் காற்று இருந்தால் சூடு குமிழுக்குச் சரியாகப் போய்ச் சேராது, வால்வு தாமதமாகத் திறக்கும். அதற்குள் ஹெட்டில் ஓரிடம் கொதித்து ஹெட் கேஸ்கெட் பிடி விடும். இன்னும் மோசம், வெப்பச் சென்சார் காற்றுக்குள் நின்றால் முள் "எல்லாம் நலம்" என்று காட்டிக்கொண்டிருக்கும்.

ரேடியேட்டர் வாய் முழு அமைப்பிலும் உயரமான இடமாக வர வேண்டும். டெல்டா தட்டை பூமி. மலை ஊரில்போல் சரிவு தேட முடியாது. களத்துமேட்டின் சரிவோ, வாய்க்கால் பாலத்துக்கு ஏறும் பாதையில் போக்குவரத்து இல்லாத இடமோ போதும். முன்பக்கம் ஒரு சாண் உயர்ந்தால் சரி. பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்து ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். ஆம்னி மாதிரி சீட்டுக்கு அடியில் என்ஜினும் முன்னால் ரேடியேட்டரும் உள்ள வண்டிகளில் நீளக் குழாய்கள் ஓடுவதால் ஏர் எடுக்க நேரம் கூடுதலாகும்.

ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் திருப்பி வையுங்கள். தெர்மோஸ்டாட் ஹவுசிங்கிலோ மேல் குழாயிலோ ஏர் ஸ்க்ரூ இருந்தால் அவிழ்த்துவிடுங்கள். கூலன்ட்டை மெதுவாக, மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். கொடகொடவென்று கவிழ்த்தால் ஊற்றுகிற கையே காற்றை உள்ளே அனுப்பும். இடையிடையே மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் பிசைந்துவிட்டால் குமிழிகள் மேலேறும். ஏர் ஸ்க்ரூவில் முதலில் நுரையும் பின்பு முறியாத தாரையும் வரும். தாரை வந்ததும் மூடுங்கள்.

இனி பேட்டரியை மாட்டி, ரேடியேட்டர் மூடி இல்லாமல் என்ஜினை ஐடிலில் ஓட்டுங்கள். குமிழிகள் வரும், மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் வால்வு திறக்கும்போது மட்டம் சட்டென்று ஒரு வாய் உள்ளே இழுக்கும். சிலருக்கு இந்த இடத்தில்தான் வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். முடியவில்லை. 1500 ஆர்.பி.எம். சுமாருக்கு ஏற்றி இறக்கி, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கிறவரை ஓட்டுங்கள். டிராக்டரில் ஃபேன் எப்போதும் சுற்றுவதால் அந்த அடையாளம் கிடையாது. ரேடியேட்டரின் அடித்தொட்டி சூடாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஐடிலில் சூடேறத் தாமதமானால் ரேடியேட்டர் முகத்தில் பாதியை அட்டையால் மறைக்கலாம், எடுக்க மறக்கக் கூடாது. தண்ணீர் பொங்கி வழிய ஆரம்பித்தால் என்ஜினை நிறுத்திவிடுங்கள்; கொதிக்கிற வாயை மூட முயலாதீர்கள்.

ரேடியேட்டரில் மூடியே இல்லாமல், அழுத்தம் தாங்கும் பிளாஸ்டிக் டேங்கில் மூடி இருக்கிற வண்டிகள் பெரும்பாலும் தாமே ஏர் எடுத்துக்கொள்ளும். ரேடியேட்டர் உச்சியிலிருந்து டேங்குக்கு வரும் மெல்லிய ஹோஸ்தான் காற்று வரும் பாதை. உப்புத் தண்ணீர் ஓடிய வண்டியில் அந்த மெல்லிய வாய் சுண்ணாம்பில் அடைத்திருக்கும். கழற்றி ஊதிப் பாருங்கள். என்ஜின் ஓடும்போது அதன் வழியே டேங்குக்குள் தாரை விழுந்தால் பாதை திறந்திருக்கிறது.

கணக்குச் சரிபார்ப்பதுதான் நம்பகமான சோதனை. 4.5 லிட்டர் இறங்கிய வண்டியில் 3.2 லிட்டர்தான் ஏறியது என்றால் உள்ளே 1.3 லிட்டர் காற்று இருக்கிறது. எவ்வளவு குமிழி வந்து அடங்கியிருந்தாலும் அந்தக் கணக்கு நேராகிறவரை ஓட்டி, ஆறவைத்து, ஊற்ற வேண்டும். கணக்கு நேரான பின்னும் குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், அது வெளியிலிருந்து மாட்டிய காற்று அல்ல. ஹெட் கேஸ்கெட் வழியாக சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது. ஏர் எடுத்து அதைச் சரிசெய்ய முடியாது, ஹெட்டை இறக்க வேண்டும்.

எல்லாம் சரியென்றால் மூடியைப் போட்டு ஒரு சுற்று ஓட்டிவந்து, இரவு முழுக்க ஆறவிடுங்கள். ரேடியேட்டரில் மூடி உள்ள வண்டிகளில் மூடிக்குள் இரண்டாவதாக ஒரு சின்ன வால்வு இருக்கும். என்ஜின் ஆறும்போது ரிசர்வ் பாட்டிலிலிருந்து கூலன்ட்டைத் திரும்ப உள்ளே இழுப்பது அதுதான். பாட்டிலுக்குப் போகும் டியூப் வெடித்திருந்தாலோ, பாட்டிலில் மட்டம் டியூபின் முனைக்குக் கீழே இருந்தாலோ, ஒவ்வொரு இரவும் கூலன்ட்டுக்குப் பதில் காற்றை இழுத்துக்கொள்ளும். எவ்வளவு நன்றாக ஏர் எடுத்திருந்தாலும் ஒரு வாரத்தில் வண்டி பழையபடி ஆகிவிடும். எனவே டியூபை முழுக்கத் தடவிப் பாருங்கள்.

ரிசர்வ் பாட்டிலில் இருக்கும் மட்டத்துக்கு நேராக மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். மறுநாள் காலை, என்ஜினைத் தொடுமுன், கோட்டைப் பாருங்கள். முதல் இரவில் ஒரு விரல் இறங்கினால் பயமில்லை, மிச்சமிருந்த காற்றின் இடத்துக்குக் கூலன்ட் போயிருக்கிறது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வாய்வரை இருக்கிறதா என்று பார்த்து, பாட்டிலில் கோடுவரை ஊற்றுங்கள். ஹவுசிங்கைச் சுற்றி விரலால் தடவி ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டாம் நாளும் ஓட்டி, ஆறவைத்து, பாருங்கள். மூன்றாம் நாள் காலையில் கோடு அசையாமல் இருந்தால் டிராக்டரைச் சேற்றில் இறக்கலாம்.